மலைப் பித்தர் ஜான் மியூர்

1874-ம் ஆண்டு, டிசம்பர் மாதம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சியரா நெவாடா மலையில் ஒரு நாள் பெரும் சூறைக்காற்று அடித்தது.

மரங்கள் வேரோடு சாய்ந்தன. சில நிமிடங்களுக்கு ஒரு மரம் முறிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் யாராவது காட்டுக்குள் போவார்களா?

ஒருவர் போனார். ஒரு மேட்டின் மேல் மரங்கள் கூட்டமாக நின்றன. அதில் உயரமான ஒரு மரத்தைப் பார்த்து வைத்தார். அதன் உயரம் சுமார் 100 அடி. விறுவிறு என்று ஏறி, உச்சிக் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். காற்று அந்த மரத்தை வில்லைப்போல் வளைத்தது. முன்னும் பின்னும் ஆட்டியது. அவர் இறங்கவில்லை. பல மணி நேரம் அங்கேயே இருந்தார். காற்றின் ஓசையைக் கேட்டார். அது எந்தெந்தக் காட்டின் வாசனையைச் சுமந்து வருகிறது என்று மோந்து பார்த்தார்.

காற்று தணிந்த பிறகு, சாவதானமாக இறங்கி வந்தார்.

அவர்தான் ஜான் மியூர். தாடி வளர்த்த, ஒல்லியான மனிதர். மலைமேல் ஏறுவதும், மரத்தையும் பனியையும் பார்ப்பதுமே அவருக்கு வேலை. அந்தப் பித்துதான் பிற்காலத்தில் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது.

அடி, உதை, வேதபாடம்

மியூர் பிறந்தது அமெரிக்காவில் அல்ல. ஸ்காட்லாந்து நாட்டில், டன்பார் என்ற கடற்கரை ஊரில், 1838 ஏப்ரல் 21-ந் தேதி பிறந்தார். தந்தை டேனியல் மியூர் கடை வைத்திருந்தார். 8 குழந்தைகளில் ஜான் மூன்றாவது பிள்ளை.

தந்தை கடுமையான மதப்பற்று உள்ளவர். பைபிளை மனப்பாடம் செய்யச் சொல்வார். ஒரு வரி தவறினால் அடி விழும். இப்படி அடி வாங்கியே புதிய ஏற்பாடு முழுவதையும், பழைய ஏற்பாட்டில் பெரும் பகுதியையும் சிறுவன் ஜான் நெட்டுருப் போட்டுவிட்டான். அவனுக்கு ஆறுதலாக இருந்தவர் தாயைப் பெற்ற தாத்தா. பேரனைக் கைப்பிடித்து வயல் வெளிகளுக்கு அழைத்துப் போவார்.

1849-ல் தந்தை கடல் கடந்து அமெரிக்காவுக்குக் குடியேறினார். அப்போது ஜானுக்கு வயது 11. விஸ்கான்சின் மாநிலத்தில் காட்டை வெட்டி நிலமாக்கினார்கள். 12 வயதில் ஜான் ஏர் பிடித்தான். ஏரின் கைப்பிடி அவன் தலை உயரத்துக்கு இருந்தது! அறுவடைக் காலத்தில் விடிவதற்கு முன் தொடங்கும் வேலை, இருட்டிய பிறகுதான் முடியும். பள்ளிக்கூடம் அநேகமாக நின்றே போயிற்று.

கிணற்றுக்குள் போன உயிர்

சில ஆண்டுகளில் குடும்பம் வேறொரு நிலத்துக்கு மாறியது. அங்கே தண்ணீர் இல்லை. கிணறு வெட்ட வேண்டும். தரைக்கு அடியில் முழுவதும் பாறை. வெடி வைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டும்படி ஜானுக்கு உத்தரவு ஆயிற்று.

மூன்றடி அகலக் குழி. காலையில் வாளியில் உட்காரவைத்து அவனை இறக்குவார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு மேலே தூக்குவார்கள். மறுபடியும் இறக்குவார்கள். மாதக் கணக்கில் இப்படி நடந்தது.

80 அடி ஆழம் போயிருந்தது. ஒரு நாள் காலையில் ஜானை இறக்கினார்கள். இரவில் அந்தக் குழிக்குள் நச்சுக்காற்று தேங்கி நின்றது யாருக்கும் தெரியாது. அடிக்குப் போனதும் ஜானுக்குத் தலை சுற்றியது. சுவரில் சாய்ந்துவிட்டான். உளிச் சத்தம் கேட்காததால், மேலே நின்ற தந்தை குரல் கொடுத்தார். பதில் ஈனசுரத்தில் வந்தது. வாளியில் ஏறும்படி அவர் கத்தினார். எப்படி ஏறினோம் என்பதே ஜானுக்கு நினைவில்லை. வெளியே கொண்டுவந்து போட்டபோது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் வந்து வழி சொன்னார். தண்ணீரை உள்ளே கொட்ட வேண்டும். வைக்கோல் கட்டைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்து, காற்றைக் கலைக்க வேண்டும் என்றார். ஓரிரு நாள் ஓய்வு. பிறகு ஜான் மறுபடியும் குழிக்குள் இறக்கப்பட்டான். இன்னும் 10 அடி வெட்டியதும் நல்ல தண்ணீர் வந்தது.

தந்தை ஒரு நாள்கூட அந்தக் கிணற்றுக்குள் இறங்கவில்லை. இதை மியூர் கடைசி வரை மறக்கவில்லை. ஆனாலும் 1885-ல் தந்தை சாகக் கிடந்தபோது, நெடுந்தூரம் ரெயிலில் போய், படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

ஆளைத் தள்ளிவிடும் கட்டில்

இரவில் படிக்கத் தந்தை விடமாட்டார். வேண்டுமானால் விடியற்காலையில் எழுந்து படித்துக்கொள் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். ஜான் இரவு 1 மணிக்கே எழுந்துவிட்டான்! கொடுத்த வாக்கைத் தந்தையால் மாற்ற முடியவில்லை.

அந்த நேரத்தில் ஜான் மரத்தைச் செதுக்கி, மரத்தினாலேயே கடிகாரங்கள் செய்தான். அவன் செய்த ஒரு கட்டில் வேடிக்கையானது. குறித்த நேரம் வந்ததும் அது ஒரு பக்கமாகச் சாயும். படுத்திருப்பவரைக் காலூன்றி நிற்க வைத்துவிடும்!

1860-ல் இந்த இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு மாநிலத் தலைநகரான மாடிசனில் நடந்த பொருட்காட்சிக்குப் போனான். கூட்டம் கூடிற்று. பரிசு கிடைத்தது. அதன் பிறகு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தான்.

ஒரு நாள் கல்லூரி வாசலில் நின்ற ஒரு மரத்தின் பூவைப் பறித்து, சக மாணவர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். இவ்வளவு பெரிய மரமும், கொடியாகப் படரும் பட்டாணியும் ஒரே குடும்பம் என்றார். பூவின் இதழ்களைப் பிரித்துக் காட்டினார். அமைப்பு அச்சாக அப்படியே இருந்தது. மியூருக்குப் பொறி தட்டியது போல் ஆயிற்று. அன்று முதல் செடி கொடிகளைத் தேடி அலையத் தொடங்கினார். பட்டம் வாங்காமலே 1863-ல் கல்லூரியை விட்டு வெளியேறினார்.

இருண்டது உலகம்

பெற்றோருக்கும் ஊராருக்கும் இது பிடிக்குமா? மியூருக்கே மனம் இரண்டாக இருந்தது. கையில் நல்ல தொழில் இருந்தது. இண்டியானாபொலிஸ் நகரில் வண்டிச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவருடைய மூளையைப் பார்த்து, முதலாளிகள் அவரை மேலே தூக்கிவிட்டார்கள். அப்படியே இருந்திருந்தால் பணக்காரராகச் செத்திருப்பார்.

1867 மார்ச் மாதம். ஒரு நாள் மாலை, இயந்திரத்தின் தோல் வாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் அரம். அதன் கூரிய முனை வழுக்கி, வலது கண்ணில் குத்தியது. கண்ணுக்குள் இருந்த நீர் வழிந்து கையில் விழுந்தது. சற்று நேரத்தில் அந்தக் கண் இருண்டது. சில மணி நேரத்தில், அதிர்ச்சியால் இடது கண்ணும் மங்கி இருண்டுவிட்டது.

வயது 29 நிறையவில்லை. இரண்டு கண்ணும் போயிற்று!

இருட்டறையில் வாரக் கணக்கில் படுத்துக் கிடந்தார். இனி ஒரு பூவைப் பார்க்க முடியாது என்பதுதான் அவருக்கு இருந்த பெரும் துக்கம். அவருடைய நல்ல காலம், பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. கண் தெரிந்ததும் அவர் செய்த முதல் முடிவு, தொழிற்சாலைக்குத் திரும்புவதில்லை என்பது.

ஆயிரம் மைல் நடை

அந்த ஆண்டு செப்டம்பரில் கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார். சுமார் 1,000 மைல். மூட்டையில் ஒரு சீப்பு, துண்டு, சோப்பு, மாற்று உள்ளாடை, இரண்டு மூன்று புத்தகங்கள், செடிகளை அழுத்தி வைக்கும் பலகை. துப்பாக்கி கிடையாது.

உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. வழியெங்கும் வறுமை, திருடர் பயம். சவன்னா நகரில் கையில் காசு தீர்ந்து, ஊரிலிருந்து பணம் வரும் வரை சுடுகாட்டுப் பக்கம் போய், கல்லறைகளுக்கு நடுவே படுத்து உறங்கினார். அங்கேதான் திருடர்கள் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு! புளோரிடாவின் கடற்கரையை அடைந்தபோது மலேரியாக் காய்ச்சல் அடித்துப் போட்டது. தென் அமெரிக்காவுக்குப் போய் அமேசான் நதியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டு, கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறினார்.

1868 மார்ச் கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினார். ஊரை விட்டு வெளியேற எது சீக்கிர வழி என்று தெருவில் போன ஒருவரைக் கேட்டார். எங்கே போக வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். காடாக இருக்கும் எந்த இடமானாலும் சரி என்றார் மியூர்.

மலையின் நான்கு பருவம்

1869 கோடையில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. சுமார் 2,000 ஆடுகளைச் சமவெளியிலிருந்து சியரா மலையின் உச்சிப் புல்வெளிக்கு ஓட்டிப் போக வேண்டும். மேய்ப்பவன் வேறு, அவனை மேற்பார்ப்பது மியூரின் வேலை. போகும் வழியில் அவர் ஒன்றைக் கண்டார். ஆட்டு மந்தை போன இடத்தில் ஒரு பூச்செடி மிஞ்சவில்லை. வெட்டுக்கிளி விழுந்த வயல் மாதிரி ஆகிவிட்டது. பின்னாளில் அவர் போட்ட சண்டைக்கு விதை விழுந்தது இங்கேதான்.

அந்தக் கோடை முடிந்ததும் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டார். அது சுமார் 7 மைல் நீளமுள்ள பள்ளத்தாக்கு. இருபுறமும் 3,000 அடிக்கு மேல் செங்குத்தான பாறைச் சுவர்கள். சுவர்களின் மேலிருந்து அருவிகள் விழும். அங்கே ஒரு மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். பச்சை மரத்தை வெட்டுவதில்லை. காற்றில் தானாக விழுந்த மரத்தை மட்டுமே அறுத்தார்.

கையில் காய்ந்த ரொட்டி, கொஞ்சம் தேயிலை. அவ்வளவுதான் மலைக்கு அவர் எடுத்துப் போகும் சாமான். பல தடவை கம்பளிகூட இருக்காது. இரவில் தீ மூட்டி, அதன் பக்கத்தில் படுப்பார்.

மலையில் வசந்தம் சத்தத்தோடு வரும். ஏப்ரல், மே மாதங்களில் மேலே பனி உருகும். யோசெமிட்டி அருவி மூன்று கட்டமாக 2,425 அடி விழுகிறது. அந்த மாதங்களில் அதன் இரைச்சல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். 1871 வசந்தத்தில் ஒரு நிலா இரவு. அருவியின் பின்பக்கமாக நின்று, தண்ணீர்த் திரை வழியே நிலாவைப் பார்க்க வேண்டும் என்று மியூருக்கு ஆசை வந்தது. பாறை இடுக்கில் ஊர்ந்து போனார். நிலா தெரிந்தது. மெய்ம்மறந்து நின்றார். திடீரென்று காற்றுத் திரும்பியது. அருவி அப்படியே அவர் தலைமேல் விழுந்தது. பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டதால் பிழைத்தார்.

கோடையில் பனிக்கோடு மேலே ஏறும். அதைத் தொடர்ந்து பூக்களும் மேலே ஏறும். அடிவாரத்தில் ஏப்ரலில் பூக்கும் காலம் முடிந்துவிட்டால், உச்சிப் புல்வெளியில் ஜூலையில்தான் தொடங்கும். மியூர் பூவின் பின்னாலேயே நடந்தார். ஒரே ஆண்டில் அவருக்கு மூன்று மாதம் வசந்தம்! ஆகஸ்டில் அருவி நூலாக இளைத்துவிடும்.

இலையுதிர் காலத்தை மலை ஏறுவதற்கு அவர் வைத்துக்கொண்டார். வானம் தெளிந்திருக்கும். 1872 அக்டோபரில் 13,000 அடிக்கு மேல் உயரமான ரிட்டர் சிகரத்தில் தனியாக ஏறினார். அதுவரை யாரும் அதன் உச்சியை மிதித்ததில்லை. பாதிச் செங்குத்தில் கையும் காலும் விரித்தபடி மாட்டிக்கொண்டார். மேலேயும் போக முடியவில்லை. கீழேயும் வர முடியவில்லை. விழப்போகிறோம் என்று எண்ணிய கணத்தில் மனம் திடீரென்று தெளிந்தது. பாறையில் உள்ள சிறு விரிசல்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. ஏறி முடித்தார்.

பனிக்காலத்தில் மற்றவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். அவர் இறங்கமாட்டார். ஓடைக் கரையில் ஒரு சின்னச் சாம்பல் நிறப் பறவை உண்டு. தண்ணீருக்குள் முழுகி, அடியில் நடந்து இரை தேடும். எல்லாப் பறவையும் வாயடைத்துப்போன கடும் பனியிலும் அது பாடும். அந்தப் பறவையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, இன்றும் ஆங்கிலம் படிப்பவர்கள் விரும்பிப் படிப்பது.

ஒரு பனிக்காலத்தில், பனி மூடிய ஒரு பக்கப் பள்ளத்தின் உச்சியை அடையப் பகல் முழுவதும் ஏறினார். முழங்கால் புதையும் பனி; சில இடத்தில் அதற்கும் மேல். உச்சிக்குப் பக்கத்தில் போனபோது பனிச்சரிவு இடிந்தது. அதோடு அவரும் போனார். மல்லாந்து கைகளை விரித்துக்கொண்டார். ஒரு நிமிடத்தில் அடிவாரம் வந்துவிட்டது! ஒரு கீறல் இல்லை. அவர் செய்த பயணங்களிலேயே சுகமானது அதுதான் என்று எழுதி வைத்தார். இதை யாரும் பின்பற்ற வேண்டாம். உயிருக்கே ஆபத்து.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். யோசெமிட்டி மனிதர் இல்லாத காடாக இருந்ததில்லை. அவானீச்சி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். மியூர் வருவதற்கு 17 ஆண்டு முன்பு, 1851-ல், ஆயுதம் தாங்கிய படை ஒன்று அவர்களை அடித்து விரட்டியது. அவர்கள் கிராமங்களைக் கொளுத்தியது. பூர்வகுடி மக்களைப் பற்றி இளமையில் மியூர் எழுதியவற்றில் இழிவான சொற்கள் உண்டு. பின்னாளில் அலாஸ்காவில் அவர்களோடு படகில் பல நாள் பயணம் செய்த பிறகு அவர் எண்ணம் மாறியது. ஆனாலும் எழுதியது எழுதியதுதான். அவர் தொடங்கிய சங்கமே 2020-ல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

ஆடு மேய்த்தவரும் பேராசிரியரும்

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு எப்படி உண்டாயிற்று? மாநிலத்தின் தலைமை நில ஆராய்ச்சியாளர் ஜோசையா விட்னி பெரிய பேராசிரியர். பெரும் பூகம்பத்தில் தரை அப்படியே கீழே அமிழ்ந்துவிட்டது என்று அவர் எழுதியிருந்தார்.

மியூர் இல்லை என்றார். பனிதான் செதுக்கியது என்றார்.

ஒரு இடத்தில் கோடையில் உருகுவதைவிடப் பனிக்காலத்தில் விழுவது அதிகமானால், பனிமேல் பனி சேரும். அடியில் உள்ளது இறுகிக் கட்டியாகும். போதிய கனம் ஆனதும், தன் பாரத்தாலேயே சரிவில் மெல்ல நகரத் தொடங்கும். இதுதான் பனியாறு. வயிற்றில் கற்களைக் கவ்விக்கொண்டு, அடியில் உள்ள பாறையை அரத்தால் ராவுவது போல் ராவிக்கொண்டே போகும். யோசெமிட்டியில் பாறைகள் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருப்பதையும், அவற்றில் ஒரே திசையில் கோடுகள் ஓடுவதையும் மியூர் கையால் தடவிப் பார்த்திருந்தார்.

ஆடு மேய்ப்பவனுக்கு என்ன தெரியும் என்று விட்னி அலட்சியம் செய்தார். சியரா மலையில் பனியாறு எதுவுமே இப்போது இல்லை என்றும் சொன்னார்கள். 1871-ல் மியூர் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-ல் மக்ளூர் பனியாற்றில் குறுக்கே வரிசையாகக் குச்சிகள் நட்டார். சில வாரம் கழித்துப் போய் அளந்தார். நடுவில் இருந்த குச்சி, நாளைக்குச் சுமார் ஒரு அங்குலம் வீதம் நகர்ந்திருந்தது!

1930-ல் வெளிவந்த அரசாங்க ஆராய்ச்சி, மியூர் சொன்ன அளவுக்கு எல்லாமே பனியின் வேலை அல்ல, ஆற்று நீருக்கும் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. ஆனால், தரை அமிழ்ந்தது என்ற பேராசிரியரின் கதை அதோடு முடிந்தது. மக்ளூருக்குப் பக்கத்தில் உள்ள லயல் பனியாறு நகர்வதையே நிறுத்திவிட்டது என்று 2013-ல் அறிவித்தார்கள். உலகம் சூடேறுவதால் வந்த வினை.

திராட்சைத் தோட்டம்

1880-ல் மியூருக்கு 42-ம் வயதில் கலியாணம் ஆயிற்று. மனைவி லூயி. மார்ட்டினெஸ் என்ற ஊரில் மாமனாருக்குப் பழத்தோட்டம் இருந்தது. திராட்சையும் பேரிக்காயும் விளைந்தன. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. மியூர் பொறுப்பான குடும்பஸ்தராக ஆகிவிட்டார். பேரம் பேசுவதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். பணமும் சேர்ந்தது.

ஆனால் உடம்பு கெட்டது. விடாத இருமல், இளைத்துத் துரும்பானார். எழுத்தும் நின்றது. அவர் மனைவி கெட்டிக்காரி. தோட்டத்தை விற்றாலும் பரவாயில்லை, நீங்கள் மலைக்குப் போங்கள் என்று 1888-ல் சொல்லிவிட்டார். கணவனைப் பத்து நாள் வெளியூர் அனுப்பவே தயங்கும் பெண்கள் உண்டு. இந்த அம்மாள் மலையோடு பங்கு போட்டுக்கொள்ளச் சம்மதித்தவர்.

கலியாணத்துக்கு முந்திய ஆண்டே அலாஸ்காவுக்குப் போய்ப் பனிக்கட்டிகள் மிதக்கும் விரிகுடாவைப் பார்த்து வந்திருந்தார். 1880-ல் இரண்டாம் முறை போனபோது ஸ்டிக்கீன் என்ற சின்னக் கறுப்பு நாய் அவரோடு பனியாற்றில் கிளம்பிவிட்டது. மாலையில் புயல். எதிரே ஆழம் காண முடியாத பிளவு. குறுக்கே கத்தி முனைபோல் ஒரு பனிப் பாலம். மியூர் கோடாலியால் அதன் மேல்பக்கத்தைச் செதுக்கி, குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து நகர்ந்து கடந்தார். நாய் மறுகரையில் நின்று ஊளையிட்டது. கூப்பிட்டார், கெஞ்சினார், போய்விடுவது போல் நடித்தார். கடைசியில் அது ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்து சேர்ந்தது. வந்ததும் பைத்தியம் பிடித்தது போல் துள்ளிக் குதித்துச் சுற்றியது. மிருகத்துக்கும் சாவின் பயமும், பிழைத்த மகிழ்ச்சியும் நம்மைப் போலவே உண்டு என்று மியூர் அன்று கண்டார்.

ஜனாதிபதியின் கம்பளிமேல் பனி

1864-லேயே யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காகக் காக்கும்படி கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். ஆனால் அங்கே வைக்கோலுக்காகப் புல்வெளியை உழுதார்கள்; பன்றி வளர்த்தார்கள். சுற்றியிருந்த மலைகளில் ஆடுகள் மேய்ந்தன. 1889-ல் ஒரு நியூயார்க் பத்திரிகையின் ஆசிரியர் ஜான்சன் வந்தார். மியூர் அவரை மேலே அழைத்துப் போய்க் காட்டினார். பூக்கள் எங்கே என்று ஜான்சன் கேட்டார். ஆடு தின்றுவிட்டது என்றார் மியூர். அன்று இரவு தீ மூட்டிய இடத்தில் இருவரும் திட்டம் போட்டார்கள். மியூர் இரண்டு கட்டுரைகள் எழுதினார். 1890 அக்டோபர் 1-ந் தேதி, பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள காடுகள் தேசியப் பூங்கா ஆயின. 1892-ல் சியரா கிளப் என்ற சங்கம் பிறந்தது. சாகும் வரை மியூரே அதன் தலைவர்.

1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டிக்கு வந்தார். பெரிய விருந்து ஏற்பாடாகி இருந்தது. வாணவேடிக்கைகூட உண்டு. ஜனாதிபதி அதையெல்லாம் விட்டுவிட்டு, மியூரோடு காட்டுக்குள் போய்விட்டார். மூன்று இரவு வெட்டவெளியில் படுத்தார்கள். முதல் இரவு, 2,000 ஆண்டுக்கு மேல் வயதான செக்கோயா மரங்களின் அடியில். இரண்டாம் இரவு மலைமேல். விடிந்தபோது ஜனாதிபதியின் போர்வைமேல் பனி குவிந்திருந்தது! அவர் குழந்தைபோல் மகிழ்ந்தார். மிருகங்களைச் சுடுவதை எப்போது விடப்போகிறீர்கள் என்று மியூர் அவரை நேருக்கு நேர் கேட்டாராம்.

1906-ல் பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது.

ரூஸ்வெல்ட்டை வழியனுப்பிய கையோடு மியூர் உலகம் சுற்றப் புறப்பட்டார். இந்தியாவுக்கும் வந்தார். டார்ஜிலிங்கில் இமயத்தைப் பார்த்தார். சிம்லாப் பக்கம் தேவதாரு மரங்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்.

கடைசிச் சண்டை

யோசெமிட்டிக்கு ஒரு தங்கை உண்டு. அதே மாதிரி பாறைச் சுவர்கள், அருவிகள், புல்வெளி. ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கு என்று பெயர். அதுவும் தேசியப் பூங்காவுக்குள்தான் இருந்தது. அங்கே அணை கட்டித் தண்ணீர் கொண்டுபோகச் சான்பிரான்சிஸ்கோ நகரம் கேட்டது. முதலில் அரசாங்கம் மறுத்தது.

1906 ஏப்ரல் 18-ந் தேதி அந்த நகரத்தைப் பூகம்பம் தாக்கியது. குழாய்கள் உடைந்தன. தீ மூன்று நாள் எரிந்தது. அணைக்கத் தண்ணீர் இல்லை. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அதன் பிறகு நகரத்தின் கோரிக்கைக்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? குடிநீரா, அழகான பள்ளத்தாக்கா என்று கேட்டார்கள். தண்ணீருக்கு வேறு இடங்கள் உண்டு. இது மலிவு என்பதால் கேட்கிறார்கள் என்றார் மியூர். இரண்டு பக்கத்திலும் நல்லவர்கள் இருந்தார்கள். மியூருக்கு நண்பராக இருந்த வனத்துறைத் தலைவர் பிஞ்சாட் அணையின் பக்கம். ஒரு செம்மரக் காட்டை விலைக்கு வாங்கி, நாட்டுக்குத் தானம் செய்து, அதற்கு மியூரின் பெயரையே வைத்தவர் வில்லியம் கென்ட். காங்கிரஸ் உறுப்பினர் ஆனதும் அவரும் அணைக்கே ஓட்டுப் போட்டார்!

மியூருக்கு 75 வயது. மனைவி 1905-லேயே இறந்துவிட்டார். பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்து கடிதம் கடிதமாக எழுதினார். நாடு முழுவதும் பெண்கள் சங்கங்களும் பத்திரிகைகளும் அவருக்குத் துணை நின்றன. 1913 டிசம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி வில்சன் அணைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மியூர் தோற்றார்.

அடுத்த டிசம்பரில் பாலைவனத்தில் இருந்த மகளைப் பார்க்கப் போனார். குளிர் கண்டு நிமோனியா ஆயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அலாஸ்காவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் தாள்களும் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தன. 1914 டிசம்பர் 24-ந் தேதி உயிர் பிரிந்தது.

அணை 1923-ல் கட்டி முடிந்தது. ஹெட்ச் ஹெட்சி தண்ணீருக்குள் போயிற்று. ஆனால், பூங்காக்களைக் காக்கத் தனி இலாகா வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தோல்வியால் வலுத்தது. 1916-ல் தேசியப் பூங்கா இலாகா அமைந்தது.

அவர் இறந்த மறு ஆண்டு, சியரா மலைமுகட்டை ஒட்டி அவர் பெயரில் ஒரு நடைபாதை போடத் தொடங்கினார்கள். யோசெமிட்டியில் தொடங்கி விட்னி சிகரம் வரை, 211 மைல். வேலை முடிந்தது 1938-ல். மியூர் பிறந்து 100 ஆண்டு நிறைந்த வருடம். வழியில் கடை கண்ணி அபூர்வம். சாப்பாட்டை முதுகில் சுமக்க வேண்டும். பனி விலகும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் பெரும்பாலோர் அதில் நடக்கிறார்கள்.